ஷங்காய்ப் பட்டாளம்

1975 சித்திரை. கரம்பொன் கிராமத்தில் ஆழ்வாப்பிள்ளையின் வீட்டுக்கு முதல்முறை வந்திருந்த இலட்சுமணன் மாஸ்டர், சியாங் கை-ஷேக் இறந்த செய்தியைப் பேப்பரில் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“சண்டை பிடிக்க ஏலாமல் தாய்வானுக்கு ஓடின ஆள், அண்ணை!”

குசினி அடுப்படியிலிருந்து ஆழ்வாப்பிள்ளையின் மனைவி மீனலோசனியின் குரல் வந்தது.

“மாவோவிட்டைத் தோத்தவர்தான், மாஸ்டர். ஆனால் ஷங்காயிலை யப்பான்காரனை அவரின்ரை பட்டாளம் மூண்டு மாசம் மறிச்சு வச்சது.”

“உங்களுக்கு ஆர் அக்கா இந்தக் கதையெல்லாம் சொன்னது?”

“மலாயாவிலையிருந்து கப்பலேறிப் போய், அந்தச் சண்டையிலை செத்தவர் என்னைப் பெத்த அப்பா.”

தேத்தண்ணீரோடு வெளியே வந்தவளை மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பொட்டு வைத்த சீன முகம்.

“தனிச்சு நிண்ட பிள்ளையை மலாயாவிலை வேலை பார்த்த என்ரை மாமாதான் எடுத்து வளர்த்தவர்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை பெருமையோடு.

மாஸ்டர் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் தேத்தண்ணீரை வாங்கினார்.