தஞ்சாவூரா, பாண்டிச்சேரியா?

குடவாசல் பக்கத்துப் பண்ணையாள் முருகையன் மகள் வேம்புவுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டது. ஊரே வழிமறித்துக் கேட்டது.

“தஞ்சாவூரா, பாண்டிச்சேரியா தாயி?”

“தஞ்சாவூர்தான். வாராவாரம் அப்பாவைப் பாக்கலாம்.”

எங்கே சேர்ந்தாலும் ஏழை என்று சான்றிதழ் வேண்டும். அது இருந்தால்தான் இலவசப் படிப்பு. கிராமக் கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டினார்.

“தர முடியாதும்மா. உங்கப்பா பேர்ல பதினஞ்சு ஏக்கர் நஞ்சை இருக்கே!”

“எங்களுக்கு ஏதுங்க நிலம்?”

“நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து உங்கப்பா வேலை பாக்குற பண்ணையோட மிராசுதார் தன் நிலத்தை உங்கப்பா பேருக்கு மாத்தி எழுதினது. உங்கப்பா கைநாட்டு இருக்கு பாரு.”

“பொய்ப் பத்திரம்னு எழுதிடுங்க.”

“எழுதினா முதல்ல ஜெயிலுக்குப் போறது கைநாட்டு வச்ச உங்கப்பாதான்.”

“அந்த நிலம் எங்கேங்க இருக்கு?”

அவர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார்.

அங்கேதான் அப்பா, குனிந்த தலை நிமிராமல், கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்.