முன்னாடி ஆள்

"டேய் ஆமை, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எறங்கு. பின்னாடி திரும்பாத. வழிய நான் சொல்றேன்" என்றான் ஹாரன்.

ஆமை நான்தான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வண்டி தள்ளுகிறேன். இந்த வேலைக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வாங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

ஹாரனுக்குக் குரலால் வந்த பெயர். வராந்தாவின் அந்தக் கோடியில் அவன் "வழி, வழி" என்றால் இந்தக் கோடியில் பெரிய டாக்டரே சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

மாடி வார்டிலிருந்து கீழே ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். லிஃப்ட் படுத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் போன வருடமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பது சரிவுப்பாதைதான்.

வண்டியில் ஒரு உயிர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். சிலிண்டரின் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தியேட்டரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

சரிவில் முன்னால் போகிறவன்தான் பிரேக். வண்டியின் கால்மாட்டை நெஞ்சில் தாங்கிக்கொண்டு, பின்பக்கமாகவே அடி வைத்து இறங்க வேண்டும். பிடி தவறினால் வண்டி அவனையும் வாரிக்கொண்டு போய்த் திருப்பத்துச் சுவரில் மோதும்.

அந்த இடம் எப்போதும் ஹாரனுடையது. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பாரத்தையும் நானே தாங்குவதுபோல முகத்தை வைத்துக்கொள்வது என் வேலை.

இன்று கால்மாட்டில் நான். ஹாரன் எனக்கு மேலே.

பேசிக்கொண்டே இறங்கினோம். அது எங்கள் பழக்கம். சரிவைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று நாங்கள் வேண்டுமென்றே சண்டை பிடிப்போம். உன் மாமியார் மோசமா, என் மாமியார் மோசமா என்று ஆரம்பித்தால், படுத்திருப்பவர் தீர்ப்புச் சொல்வதற்குள் சமதரை வந்துவிடும். ஒரு அம்மா வார்டுக்குத் திரும்பும்போதும் எங்களைத்தான் கேட்டு வாங்கினார். கதை பாதியில் நின்றுவிட்டதாம்.

அப்போதெல்லாம் ஒரு வண்டிக்கு இரண்டு பேர். கட்டிய பெண்டாட்டியோடு இருந்ததைவிட அவனோடு இருந்த நேரம்தான் அதிகம். போட்ட சண்டையும் அதிகம். சமாதானம் மட்டும் சீக்கிரம் ஆகிவிடும். அடுத்த வார்டு மணி அடித்துவிடுமே.

பிறகு நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. வண்டிக்குத்தான் சக்கரம் இருக்கிறதே, ஆள் எதற்கு இரண்டு?

வேலைநிறுத்தம் செய்தோம். வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். ஆவேசத்தில் நான் "ஆட்குறைப்பு வேண்டும்" என்று கத்திவிட்டேன். கூட்டமும் பழக்கதோஷத்தில் "வேண்டும், வேண்டும்" என்றது. எங்கள் கோரிக்கைகளில் நிர்வாகம் நிறைவேற்றியது அந்த ஒன்றைத்தான்.

ஜோடிகள் பிரிந்தன. அதற்குப் பிறகு ஹாரனோடு இந்தச் சரிவில் இறங்குவது இன்றுதான்.

"கோஷம் ஏதாவது போடேன், கேப்போம்" என்றான். குரல் பாதிதான் வந்தது. மூச்சு இரைத்தது.

"சும்மா வாடா. பாரம் கொல்லுது."

"முன்னாடி ஆளோட அரும இப்பத்தான் தெரியுதாக்கும்... வலது. இன்னும் வலது. அங்க ஈரம், பாத்து!"

எங்கே பார்ப்பது? முதுகில் எனக்குக் கண் இல்லை. தரை துடைக்கிறவர்களையும் குறைத்திருந்தார்கள். கொட்டிய தண்ணீர் கொட்டியபடியே கிடந்தது. குதிகால் வழுக்கியது. வண்டி என் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. வாய் மட்டும் "ஐயோ" என்று தன் கடமையைச் செய்தது.

ஹாரன் கையை நீட்டிச் சுவரோரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பற்றினான். உள்ளங்கை கம்பியோடு இழுபட்டுக் கிறீச்சிட்டது. வண்டி தயங்கியது. என் கால் தரையைக் கண்டுபிடித்தது. நின்றோம்.

மிச்சச் சரிவில் நாங்கள் சண்டை போடவில்லை.

தியேட்டர் கதவைத் திறந்த நர்ஸ் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த வராந்தாவைப் பார்த்தார்.

"ஆக்சிஜன் கேஸ்னா ரெண்டு பேர் கூட வரணும்னு ரூல் இருக்குல்ல? இன்னொருத்தர் எங்க?"

ஆளைக் குறைத்தவர்கள் ரூலைக் குறைக்க மறந்துவிட்டார்கள்.

வண்டியில், உயர்த்திய தலைமாட்டில் சாய்ந்து கிடந்தவன் முகத்து மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினான். தோல் உரிந்த உள்ளங்கையை, வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளைபோல உயர்த்திக் காட்டினான்.

"நான்தான் சிஸ்டர். முன்னாடி ஆள்."

நர்ஸ் சிரிக்கவில்லை. அவன் கையை மெதுவாக மடக்கிப் போர்வைக்குள் வைத்தார். மாஸ்க்கைச் சரிசெய்தார். வண்டியைத் தனியாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கதவுவரை நாங்கள் எத்தனையோ பேரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம். காலி வண்டி வெளியே வந்ததும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். உள்ளே யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு நின்றதே இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. வேறொரு வார்டு. இங்கே ஒருத்தரும் இல்லை, உடனே வா என்றார்கள்.

வண்டிக்காக நிற்கிறேன் என்றேன்.

வண்டி எப்போதோ வெளியே வந்து என் முழங்கையோரம் நின்றுகொண்டிருந்தது.