ஒரு கருஞ்சீரகம்

அசர் தொழுகை முடிந்து, சரியாக நான்கு மணிக்கு ஷாதன் விளம்பரத்தை அவிழ்த்துவிட்டாள்.

பத்தே நிமிடத்தில் ரியாத் நகரமே கிலேஜா கேட்டது.

வாட்ஸப்பில் வந்து விழுந்த ஆர்டர்களின் எண் அலுவலகச் சுவர்த் திரையில் ஏறிக்கொண்டே போனது. முப்பது. நாற்பத்தெட்டு. எழுபது. ஷாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சுழல் நாற்காலியில் மூன்று சுற்று சுற்றினாள்.

அவள் தனியாகக் கையாளும் முதல் விளம்பரம் இது. புரைதா ஊரில் உம்மு துர்க்கி என்ற அம்மாள் சுடும் கிலேஜாவை, பேரீச்சம்பாகு அடைத்த அந்த வட்ட ரொட்டியை, தலைநகரத்துக் கைப்பேசிகளுக்குள் கொண்டுவர வேண்டும். சொதப்பினால் சீட்டுக் கிழியும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தால்தான் எல்லோருக்கும் பயம்.

முதலில் வரும் ஐம்பது பேருக்கு மட்டும் ஒரு டப்பா இலவசம். அதுதான் ஷாதனின் உத்தி. கொஞ்சமாக இருந்தால்தான் ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள் என்று வரைபடம் போட்டு விளக்கினாள்.

உம்மு துர்க்கி அசையவில்லை. ஐந்நூறு என்றார்.

"வாசலுக்கு வந்தவங்கள்ல அம்பது பேருக்குக் குடுத்துட்டு, மத்தவங்கள வேடிக்கை பாக்கச் சொல்லவா? அப்புறம் புரைதால நான் தலைகாட்ட முடியுமாடி?"

ஷாதனும் விடவில்லை. பேசிப் பேசியே அவரை ஐம்பதுக்கு இறக்கினாள். படம் எடுத்த அன்று, வெள்ளைத் தட்டில் அந்த எண் எந்த இடத்தில் வரும் என்று மடிக்கணினியில் காட்டவும் செய்தாள். அதற்குப் பிறகு உம்மு துர்க்கி சமர்த்தாகிவிட்டார். கிலேஜாமேல் கருஞ்சீரகம் தூவினார். தட்டைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், படமெடுக்க வந்தவரை அரைமணி நேரம் நிற்கவைத்தார். மணப்பெண்ணுக்கா அலங்காரம் செய்கிறீர்கள் என்று ஷாதன் கிண்டலடித்தாள்.

இருநூறு. இருநூற்றுப் பத்து.

இலவசம் தீர்ந்த பிறகுமா இந்தக் கூட்டம்! தன் மூளையைத் தானே முத்தமிட முடியாதது ஷாதனுக்குப் பெரிய குறையாக இருந்தது.

அடுத்த ஆர்டரோடு ஒரு வாழ்த்தும் வந்தது.

"ஐநூறு பேருக்கு இலவசமா! அல்லாஹ் உங்க கையில பரக்கத் வைக்கட்டும்."

ஐந்நூறா?

ஷாதன் விளம்பரத்தைப் பெரிதாக்கினாள். அரபி எண்களில் வட்டம் போட்டால் ஐந்து. புள்ளி வைத்தால் பூஜ்யம். ஒரு வட்டம், ஒரு புள்ளி: ஐம்பது. அவள் போட்ட எண் அப்படியேதான் இருந்தது.

அதன் பக்கத்தில், அதே வரிசையில், அதே பருமனில் இன்னொரு புள்ளி.

அது அவள் போட்டதல்ல. தட்டில் கிடந்த ஒற்றைக் கருஞ்சீரகம்.

சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினால் ஊர் நாறடித்துவிடும். வேலையும் போகும். அதைவிட, நானூற்றைம்பது டப்பாவுக்கு அந்த அம்மாள் எங்கே போவார்?

உடனே உம்மு துர்க்கியை அழைத்தாள். எதிர்முனையில் பெண்களின் கும்மாளமும் தட்டுகளின் சத்தமும் கேட்டன.

"உம்மு துர்க்கி, என்னை மன்னிச்சிடுங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு. ஒரு கருஞ்சீரகம் தட்டுல விழுந்து, அம்பது ஐநூறாயிடுச்சு. இப்போ..."

கும்மாளம் சட்டென்று அடங்கியது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மட்டும் கேட்டது.

"பதறாதடி பொண்ணே" என்றார் உம்மு துர்க்கி. "ஐநூறு டப்பாவும் நேத்தே கட்டி ஏத்தியாச்சு. வண்டி ரியாத்துக்குள்ள வந்துடுச்சு, அட்ரஸ அனுப்பு."