சங்கத்துச் சாவி

"ஏங்க, இன்னும் வயித்தாலதான் போகுதா?" குளியலறைக் கதவைத் தட்டினாள் நெக்கானே. "சாப்பிட்ட கையோட உள்ள போனீங்க. மணி நாலாகுது."

"இதோ, முடிஞ்சிடும்மா," என்று உள்ளேயிருந்து முனகினான் கோல்டோ.

காய்ந்த குளியல் தொட்டிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான் அவன். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு துப்பாக்கிக் குழல். அரம் ராவுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டிருந்தான்.

எல்லாம் ஒரு சாவிக்காக. ஸ்பெயினில், துப்பாக்கிப் பட்டறைகளால் பிழைத்த ஊர் அது. ஆண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட அங்கே ஒரு சங்கம் உண்டு. தன் கையால் முழுத் துப்பாக்கி ஒன்று செய்தவனுக்குத்தான் உறுப்பினர் இடமும் சங்கத்துச் சாவியும் என்பது சட்டம். தலைவரோ, கோல்டோவின் மாமனார் இலாரியோ.

கோல்டோ மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். பதினோரு வருஷமாகச் சங்கத்துக்கு விருந்தாளியாகப் போய், ஊரார் தின்ற தட்டையெல்லாம் கழுவிவிட்டு வருகிறான். வாயைத் திறந்து சாவி என்று கேட்டால் போதும், "மாப்ளே, மொதல்ல அரத்தை எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா?" என்பார் மாமனார். மேஜையே சிரிக்கும். கோல்டோவுக்கு அழுகை வரும்.

சுவரில் வரிசையாகப் பழைய துப்பாக்கிகள் தொங்கும். இதில் எது நீங்கள் செய்தது மாமா என்று ஒருநாள் கேட்டான். மீன் அடிப்பிடிக்கிறது என்று அடுப்படிக்குப் போனவர், அன்றைக்கு அந்தப் பேச்சுக்கே திரும்பவில்லை.

உள்ளூரில் ஒரு திருகாணி வாங்கினாலும், இவன் வீடு போய்ச் சேருமுன் சேதி மாமனார் காதுக்குப் போய்விடும். அதனால் யாருக்கும் தெரியாமல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தான். குழல் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு இடித்து, சிக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியில் வெடிக்கிற அந்தக் காலத்து ஸ்பானியத் துப்பாக்கி. உதிரியாக அனுப்புகிறோம், நீங்களே செய்யலாம் என்று விளம்பரம். போலீசுக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களைக் கொடுத்துப் பெட்டியை எடுத்து வந்தான். குழல், அரைகுறையாக அறுத்த கட்டை, சுடுகிற பொறி, ஒரு பை நிறையத் திருகாணி. அடைப்புக்காகக் கசக்கிப் போட்டிருந்த செய்தித்தாளில் அவர்கள் ஊர்ப் பந்தாட்ட முடிவுகள் இருந்தன. அமெரிக்காக்காரன்கூட நம் ஊர் ஆட்டத்தை விடாமல் படிக்கிறானே என்று கோல்டோவுக்கு ஒரே பெருமை.

எட்டு ஞாயிற்றுக்கிழமை. ராவினான், துளையிட்டான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், எண்ணெய் பூசினான். கண்ணாடிக் கடையில் பொடித் திருகாணி முடுக்கிய கை, வேலையைக் கெடுக்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு, சங்கத்து விருந்து. எல்லாருக்கும் பூண்டு மிதக்கும் மீன் குழம்பு. கோல்டோவுக்கு மட்டும் வெறும் சோறும் வேகவைத்த ஆப்பிளும்.

"நெக்கானே எல்லாம் சொன்னா மாப்ளே. வயிறு பத்திரம்," என்றார் இலாரியோ.

கோல்டோ தட்டைத் தள்ளிவிட்டு, துணியைப் பிரித்துத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். "நானே செஞ்சது மாமா. முழுசா."

முதலில் அதை எடுத்தவர் குழல் கடையும் சோமின். குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார், நகத்தால் தட்டினார். "குழல் யாரு கடைஞ்சது?"

"நான்தான்."

"அப்படியா. இந்தச் சின்னப் பள்ளம் என் மிஷின்ல விழுறது. முப்பது வருஷமா அந்தச் சனியனைத் திட்டிட்டிருக்கேன்." மற்ற இடத்தைப் பார்க்காமல் அடுத்தவரிடம் தள்ளினார்.

அடுத்தவர் பொறி செய்யும் ஃபெர்மின். விசையை ஒருமுறை இழுத்தார். "இது என் பொறி. அமெரிக்காவுக்குன்னு கட்டி அனுப்புனது. இங்க எப்படி வந்துச்சு?"

கடைசியாக இலாரியோ. கட்டையை மட்டும் உள்ளங்கையால் தடவினார். "வால்நட் மரம். நான் அறுத்தது," என்றார்.

கோல்டோவுக்குக் காது சுட்டது. நெக்கானேயின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? "மன்னிச்சிடுங்க மாமா. பெட்டியில துண்டு துண்டா வந்துச்சு. நான் ராவி, பொருத்தி, ஒண்ணு சேர்த்தேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற ஒண்ணும் பண்ணல."

"இது வெடிக்குமா?" என்று கேட்டார் சோமின்.

"கல்குவாரியில மூணு தடவை சுட்டுப் பாத்தேன். மூணும் வெடிச்சுது."

மூன்று கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஃபெர்மின் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார். இலாரியோ தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, மருமகன் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். பிறகு அவன் காதோரம் குனிந்தார்.

"வெளியில மூச்சு விட்றாதீங்க மாப்ளே. எங்கள்ல ஒருத்தனும் இதுவரைக்கும் முழுசா ஒண்ணு செஞ்சதே இல்ல."