நாலாவது சீடி

“இதுவும் சரிப்பட்டு வரலைங்க. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா நிக்கி. பொண்ணோட பேரு பாதி தாளுக்கு வெளிய போயிருச்சு!”

காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்ற இசைவாணியைப் பார்த்து, புகழேந்தி கவலைப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டான். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சிவகாசியில் அச்சாபீசுகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அவன். பக்கத்துத் தெரு அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பவள் அவள். அவள் அடித்த தமிழை, அச்சுக்குத் தகடு (பிளேட்) போடும் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வந்ததாம். பி.டி.எஃப் ஆக்கிக் கொடுத்தால் எழுத்து கலையாது. ஆனால் ஆபீசில் இன்டர்நெட் கிடையாது. அது இல்லாமலே வேலை செய்கிற சாப்ட்வேர் வேண்டும் என்று கேட்டு வந்தாள்.

நல்ல சாப்ட்வேர் அவனிடம் இருக்கத்தான் செய்தது. கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் எதற்கு வரப்போகிறாள்? அரைகுறையானதாகத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக சீடியில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான், பாவி! முதலாவது, பக்கத்துக்குப் பக்கம் தன் கம்பெனி பேரை அடித்ததாம். இரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டதாம். மூன்றாவது இன்டர்நெட் கேட்டதாம். நேற்று மதியம் கொண்டுபோனது நாலாவது.

“முதலாளி ஏசுதாருங்க. இன்னைக்கும் சரியில்லைன்னா விருதுநகர்லருந்து ஆளக் கூட்டியாந்து போட்டுக்கிடுதேன்னுட்டாரு. பெறகு நான் இங்கன வர வேண்டியதே இருக்காது.”

அவனுக்குத் திக்கென்றது. அவள் மேலும் என்னென்னவோ சொன்னாள். தெருவிலிருந்து அச்சு மை வாசம் மிதந்து வந்தது. அவன் கண்முன்னே மஞ்சள் தாளில் ஒரு பத்திரிகை மெதுவாக விரிந்தது. இந்தப் பக்கம் இசைவாணி, அந்தப் பக்கம் புகழேந்தி. ஒரு கொம்புகூடக் கலையவில்லை.

“ஏங்க, கேக்கீகளா?”

“கேக்கேன், கேக்கேன்.”

“எங்க கேக்கீக? நேத்தும் இப்படித்தான், கனாக் கண்ட மாதிரியே உக்காந்திருந்தீக.”

தெருவே அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். இவள் மட்டும் ஏனோ ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தன் ஆசைக்காக இந்தப் பெண் ஏச்சு வாங்குகிறாளே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

“நல்லதாவே ஒண்ணு எழுதித் தாரேங்க. இனி எழுத்து கலையாது. நீங்களும் அலைய வேண்டாம்” என்றான், அரைமனதாக.

“அம்புட்டுத்தானா?” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

புது சீடியை எடுத்துக்கொண்டு டிரைவைத் திறந்தான். உள்ளே ஏற்கெனவே ஒரு சீடி கிடந்தது. அதைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

“நேத்துக் கொண்டுபோனதை மாட்டிப் பாத்தீகளா?”

“பின்னே? பொழுது சாயுற வரைக்கும் அதோடதான மல்லுக்கட்டுனேன்! கொம்பெல்லாம் ஓடுதுன்னு சொன்னேனே.”

டிரைவில் கிடந்த சீடியின்மேல் ‘இசைவாணி – 4’ என்று அவன் கையெழுத்து இருந்தது. நேற்று கனவிலேயே அவன் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பியது, எதுவுமே எழுதாத வெறும் சீடி.