கை பட்ட மாவு

முதல் ஈடு இட்லி ஆறிப்போயிற்று.

ஒருவரும் வாங்கவில்லை.

அவள் ஈரத்துணியை விலக்கிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி விலக்கினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கைக்கு மாவு நன்றாகப் பொங்கும். கரண்டியால் கலக்கினால் முறைத்துக்கொண்டு கிடக்கும். அதற்குக் கைச்சூடு வேண்டும்.

தள்ளுவண்டி புதுசு. அரசாங்கம் கொடுத்தது. நெற்றிப் பலகையில் ‘பழங்குடி மகளிர் தொழில்முனைவோர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

காலையில் அதிகாரிகள் வந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கை தட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் இட்லியை நீட்டியதும், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டோம் என்றார்கள். அத்தனை பேரும்.

ஜீப் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பசியோடு ஆட்கள். வண்டி வரைக்கும் வருவார்கள். பலகையைப் படிப்பார்கள். பார்வை அவள் கைக்கு இறங்கும்.

“தேன் இருக்குதா?”

வந்தவர்களெல்லாம் இதையே கேட்டார்கள். தேன், இல்லையென்றால் சீமாறு. இருளர் பெண் வேறு என்னத்தை விற்பாள்? தேனீ கொட்டியதைத் தவிர அவளுக்கும் தேனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தேனென்றால் அவள் கையிலிருந்தே வாங்கி நக்கியிருப்பார்கள். இட்லிதான் தொண்டையில் இறங்காது.

எரிச்சலாக வந்தது.

எதிரே நாச்சிமுத்துவின் ஹோட்டலில் கூட்டம் பிதுங்கியது. நேற்று வரை அவளும் அங்கேதான் இருந்தாள், பின்கட்டில். பின்வாசலில் நுழைவாள், பின்வாசலில் வெளியேறுவாள். ஆட்கள் சாப்பிடும் இடத்தை இன்றுதான் பார்க்கிறாள். அதுவும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று.

வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றபோது நாச்சிமுத்து பல் குத்திக்கொண்டே சிரித்தார். நாலு நாளில் பின்வாசலுக்கே வந்து நிற்பாய், பார் என்றார்.

செத்தாலும் போகக் கூடாது.

ஒரு லாரி டிரைவர் வந்தார். வெளியூர்க்காரர். பலகையைப் படிக்கவில்லை. தேன் கேட்கவில்லை. தட்டுக்குக் கையை நீட்டினார்.

அவள் இட்லி வைத்து, சட்னி ஊற்றிக் கொடுத்தாள்.

டிரைவர் ஓர் ஓரத்தைப் பிட்டார்.

நாச்சிமுத்து கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். வாயில் பல்குச்சி.

“ஏனுங் டிரைவரே, இவியகிட்டத் தேனு வாங்குங்க, தப்பில்ல. இவிய கைபட்ட மாவையுமா திம்பீங்க?”

தெருவுக்கே கேட்டது. ஹோட்டலுக்குள் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. தட்டை வண்டியோரம் வைத்துவிட்டு, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டே போனார்.

பிட்ட துண்டு தட்டிலேயே கிடந்தது.

அவளுக்கு முகம் எரிந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அழுகை இல்லை. ஆத்திரம்.

வண்டியை விட்டு வந்தாள். ரோட்டின் நடுவில் நின்றாள். கடைசி மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் ரொம்ப மரியாதையாக விசாரித்தாள்.

“ஏனுங் மொதலாளி, நேத்துப் பொழுதோட நான் உப்புப் போட்டுக் கையால கரைச்சு வெச்சுட்டு வந்தனே, அந்த மாவு நல்லாப் பொங்குச்சுங்களா?”

பல்குச்சி அசையவில்லை.

உள்ளே சிரிப்பு நின்றது. பிட்டதை யாரும் வாயில் போடவில்லை. இலையை மடக்கவும் இல்லை. குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இட்லி எப்போதும்போல மெத்தென்று இருந்தது.