முதலில் எந்த லிஃப்ட்?

"முதல் லிஃப்ட் எங்க பில்டிங்லதான்," என்று நத்தை சொன்னதும் பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நத்தை அவளைவிட இரண்டு வயது சின்னவன். ஆனால் டீம் லீடர். எதையும் ஆற அமரச் செய்வதால் ஆபீஸில் அந்தப் பெயர். பட்டாசுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லிஃப்டை ஓட்டுகிற சிப்புக்கு அவள் புது நிரல், அதாவது புது ப்ரோகிராம், எழுதியிருந்தாள். இனி லிஃப்ட் குலுங்காது, கூப்பிட்டதும் வரும். ஊரெல்லாம் இருக்கிற லிஃப்டுகளுக்கு ஆபீஸில் உட்கார்ந்தபடியே அனுப்பிவிடலாம், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நத்தைதான் முட்டுக்கட்டை. பழைய நிரலை அழிக்கக் கூடாதாம். அதுவும் ஒரு மூலையில் பத்திரமாக இருக்கணுமாம். புதுசு அரைகுறையாக வந்தால் சிப் தானாகவே பழசுக்குத் திரும்பணுமாம். அதற்கும் சேர்த்து எழுதச் சொல்லி உயிரை எடுத்தான். எதுவும் ஆகாது, நூறு சதவீதம் கேரண்டி என்று அவள் கத்திப் பார்த்தாள். மசியவில்லை.

எங்கே தொடங்குவது என்ற பேச்சிலும் அதே கதைதான். முதலில் முதியோர் இல்லம், கடைசியில் ஆற்றோரக் கட்டடம் என்று அவள் வரிசை சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, முதல் இடத்தில் மட்டும் தன் வீட்டைச் செருகிவிட்டான்.

ஏன் என்று தெரியாதா என்ன? அவன் மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. குடியிருப்பது எட்டாவது மாடி. அன்று சாயங்காலம் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரணும். வயதானவர்கள் காத்துக் கிடக்கட்டும், ஐயா வீட்டம்மாவுக்கு முதலில் சொகுசு! காபி மிஷின் பக்கம் வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

மதியம் எல்லோரும் ஒரே திரையைச் சூழ்ந்து நின்றார்கள். லிஃப்டைக் கீழே நிறுத்திவிட்டேன், உள்ளே யாருமில்லை என்று நத்தையின் பில்டிங் வாட்ச்மேன் போனில் சொன்னார். பட்டாசு பட்டனைத் தட்டினாள்.

பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஓடியது. பாதியைத் தாண்டியதும் சட்டென்று நின்றது.

"கரண்டு போயிடுச்சு சார்," என்றார் வாட்ச்மேன்.

பாதி எழுதின சிப்! கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்துவிட்டது என்று குரல் வந்தது. ஆனால் லிஃப்டில் மட்டும் இருட்டாம், எந்த பட்டனும் எரியவில்லையாம்.

நத்தை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் நகம் கடித்து அவள் பார்த்ததே இல்லை.

"சார், லைட்டு வந்துடுச்சு. லிஃப்ட் ஓடுது. பழையபடி குலுங்கிக்கிட்டேதான் ஓடுது."

அந்தக் குலுக்கல் அவள் வயிற்றில் பால் வார்த்தது. வந்தது பாதிதான் என்று சிப் கண்டுபிடித்துப் பழசுக்குத் திரும்பிவிட்டது. உடனே மறுபடி அனுப்பினாள். இந்த முறை கோடு கடைசிவரை ஓடியது. வாட்ச்மேன் எட்டாவது மாடி வரை போய்த் திரும்பி, ஏறினதும் தெரியலை, இறங்கினதும் தெரியலை என்றார். ஆபீஸே கைதட்டியது. பட்டாசு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சந்தோஷத்திலும் வாய் சும்மா இருக்குமா?

"கொடுத்து வெச்ச ஆளு தலைவரே நீங்க," என்றாள். "எந்த நல்லதும் முதல்ல உங்க வீட்டுக்குத்தான்."

"நல்லதா? முதல்ல வந்தது இருட்டுதானேக்கா." நத்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கெட்டுப்போனா எட்டு மாடியையும் உக்காந்து உக்காந்துதான் இறங்கணும்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். சரி பரவால்லன்னா. முதியோர் இல்லத்துல போய் அப்படிச் சொல்ல முடியுமா?"

பட்டாசு நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல போடறதா நினைச்சப்பதான், பழசும் ஒரு மூலையில இருக்கணும்னே எனக்குத் தோணுச்சு," என்றவன், அடுத்த வேலையை நினைத்து நிமிர்ந்தான். "ஆமாக்கா, அந்த ஆற்றோரக் கட்டடத்தை எதுக்குக் கடைசியா வைக்கச் சொன்னீங்க? மோட்டார் ரொம்பப் பழசா?"

"மோட்டாரெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே. "அது எங்க வீடு. எங்கப்பா ஆறாவது மாடியில இருக்காரு."